பூச்சிமருந்து ஏறியவருக்கு ஏன் அட்ரோபின் ஊசி?

திருமங்கலம் பக்கம் மல்லிகைத் தோட்டத்தில் மருந்து அடித்த உங்கள் சித்தப்பாவுக்கு எச்சில் ஒழுகி, கண்மணி சுருங்கியது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நரம்பு நுனியிலிருந்து வெளிவரும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள், எதிரே உள்ள ஏற்பியில் (அதை வாங்கிக்கொள்ளும் இடத்தில்) ஒட்டினால்தான் சுரப்பி சுரக்கும், தசை இயங்கும். வேலை முடிந்ததும் ஒரு நொதி அதைச் சில மில்லிவிநாடிகளில் சிதைத்துவிடும். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து அந்த நொதியையே முடக்குகிறது. அப்புறம் அசிட்டைல்கோலின் தேங்கி, ஏற்பிகளை விடாமல் தூண்டும்: எச்சில், வியர்வை, நெஞ்சில் சளி, தசைத் துடிப்பு.

இந்த ஏற்பிகளில் இரண்டு வகை உண்டு. அட்ரோபின், சுரப்பிகளில் இருக்கும் மஸ்கரினிக் ஏற்பியில் உட்கார்ந்து வழியை மறிக்கும், சளி வற்றும். கை கால் தசையிலும் மூச்சுத் தசையிலும் இருப்பது நிகோட்டினிக் ஏற்பி. அங்கே அட்ரோபின் எடுபடாது. சளி வற்றிவிட்டதே என்று தயவுசெய்து வீட்டுக்கு அழைத்துப் போகாதீர்கள். 1 முதல் 4 நாளுக்குள் மூச்சுத் தசை தளர்ந்து வென்டிலேட்டர் தேவைப்படலாம்.