மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவின் ஆல்பங்கள் எல்லாம் ஆன்லைனில் இருக்கும்போது சிடி பெட்டி வாங்குவது வீண் செலவா?

நீங்கள் இப்போதுதான் இந்த எழுபதுகளின் ஜாஸ்-ராக் குழுவின் 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' ஆல்பத்தைக் கேட்டு மயங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். வீட்டில் சிடி பிளேயர் இல்லையென்றால் வேண்டாம். இருந்தால் தயங்காமல் வாங்குங்கள்.

நான் திருச்சி பக்கம் மெல்லிசைக் குழுக்களில் 19 வருடம் பேஸ் கிடார் வாசித்தவன். 1996இல் ஒரு பக்திப் பாடல் கேசட்டுக்கு இரண்டு மெட்டு போட்டேன். கேசட் வந்தபோது உறையில் 'இசை' என்று குழு நடத்தியவர் பெயர் மட்டும் இருந்தது. கேட்டதற்கு, "குழு பேர் வந்தா உனக்கும் சேர்த்துதானப்பா" என்றார். அதற்கப்புறம் நான் மெட்டே போடவில்லை.

அதனால்தான் 2011இல் வந்த இந்த 5 சிடி பெட்டியில் எனக்குப் பெரிது 'லாஸ்ட் ட்ரைடென்ட் செஷன்ஸ்' என்ற சிடி. முதல் இரண்டு ஆல்பங்களில் இருப்பதெல்லாம் குழுவை நடத்திய கிடார்காரர் ஜான் மெக்லாஃப்லின் எழுதியவை. 1973 ஜூனில் லண்டன் ட்ரைடென்ட் ஸ்டூடியோவில் மூன்றாவதைப் பதிவு செய்தபோது கீபோர்டு யான் ஹாமர், வயலின் ஜெரி குட்மன், பேஸ் ரிக் லேர்ட் ஆகியோரும் ஆளுக்கொரு மெட்டு கொடுத்தார்கள். குழுவுக்குள் மனஸ்தாபம், ஆல்பம் வரவில்லை. பதிலாக ஆகஸ்டில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் வாசித்த கச்சேரி ஆல்பமானது. அதில் ஹாமரின் 'சிஸ்டர் ஆண்ட்ரியா' உண்டு, குட்மனுடையதும் லேர்டுடையதும் இல்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் குழுவும் உடைந்தது.

ட்ரைடென்ட் பதிவு வெளியே வந்தது 1999இல். லேர்டின் 'ஸ்டெப்பிங்ஸ் டோன்ஸ்' மூன்று நிமிடம்தான். அதற்கு 26 வருடம் ஆகியிருக்கிறது. முதல் தடவை கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

'ட்ரீம்' என்ற மெட்டு ட்ரைடென்ட் ஸ்டூடியோ பதிவில் 11 நிமிடம், சென்ட்ரல் பார்க் கச்சேரியில் 21. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். மற்ற நால்வரும் எங்கெங்கோ பறப்பார்கள், பில்லி காபம் டிரம்ஸில் புயலே அடிக்கும். லேர்ட் கணக்கை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பார். அது எவ்வளவு கஷ்டம் என்று வாசித்தவனுக்குத் தெரியும்.

மெக்லாஃப்லினைத் திட்டுகிறேன் என்று சண்டைக்கு வராதீர்கள். டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர், பின்னால் விக்கு விநாயக்ராமோடு சக்தி குழுவில் வாசித்தவர். அவர் இல்லாமல் இந்தக் குழுவே கிடையாது.

ஆன்லைனில் இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் ஆப்பில் ஒரு பழைய தமிழ்ப் பாட்டைப் போட்டு, பேஸ் வாசித்தவர் யார் என்று தேடிப் பாருங்கள். பாடியவர், இசையமைத்தவர், அதோடு சரி. வாசித்தவர்கள் பெயரைப் போட என்ன செலவாகிறது? கேட்டால் யார் படிக்கிறார்கள் என்கிறார்கள். நான் படிப்பேன்.

பழைய பெட்டியாக வாங்கினால் 5 சிடியும் உள்ளே இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். ட்ரைடென்ட் சிடி இல்லையென்றால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.