கதவில் ஒட்டிய சம்மனும் மதுரைக்குப் போகவேண்டிய நாளும்

கேள்வி: எனக்கு 2016-ல் திருமணம் நடந்தது. கணவர் மதுரையில் வேலை பார்க்கிறார். இரண்டரை ஆண்டுகளுக்கு முன் ஒரு சண்டைக்குப் பிறகு என்னையும் மகளையும் அறந்தாங்கியில் அம்மா வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனவர், திரும்பி வரவே இல்லை. பிறகு ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில், 20 ரூபாய்ப் பத்திரத்தில் ‘இருவரும் மனமொத்துப் பிரிகிறோம்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். இப்போது மதுரைக் குடும்ப நல நீதிமன்றத்தில் நான் அவரைக் கைவிட்டுவிட்டதாகச் சொல்லி, விவாகரத்து கேட்டு எச்.எம்.ஓ.பி. (இந்து திருமணச் சட்டத்தின்கீழ் மனு) போட்டிருக்கிறார். நீதிமன்ற ஊழியரான அமீனா கொண்டுவந்த சம்மனை நான் வாங்கவில்லை. கதவில் ஒட்டிவிட்டுப் போய்விட்டார். வாங்காவிட்டால் வழக்கு நகராது என்று என் மாமா சொல்கிறார். விசாரணைக்கு இன்னும் மூன்று வாரங்கள் இருக்கின்றன. மகளுக்கு ஆறு வயது. செலவுக்கு அவர் ஒரு ரூபாய்கூடத் தருவதில்லை. என் நகைகள் அங்கேதான் இருக்கின்றன. நான் என்ன செய்ய வேண்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, அறந்தாங்கி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மாமா உங்கள் மீதுள்ள அக்கறையில்தான் அப்படிச் சொல்லியிருப்பார். ஆனால் அவர் பேச்சைக் கேட்டு வீட்டில் இருந்துவிட்டால், இந்த வழக்கில் உங்கள் கணவருக்கு அதைவிடப் பெரிய உதவி வேறு இருக்க முடியாது. சம்மனை வாங்க மறுத்து, அமீனா அதைக் கதவில் ஒட்டிவிட்டு அறிக்கை கொடுத்துவிட்டால், அது உங்களுக்குச் சேர்ந்துவிட்டதாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். குறித்த நாளில் உங்கள் பெயரைக் கூப்பிட்டு யாரும் வராவிட்டால் உங்களை ‘எக்ஸ்பார்ட்டி’ ஆக்கிவிட்டு, அவருடைய சாட்சியத்தை மட்டும் பதிவுசெய்து ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்புச் சொல்லிவிட முடியும். அதை ரத்து செய்யக் கோரி 30 நாட்களுக்குள் மனுப் போடலாம் என்பது உண்மைதான் என்றாலும், சம்மன் கதவில் ஒட்டப்பட்டதை நீங்களே பார்த்திருக்கும்போது, வராமல் போனதற்கு நம்பும்படியான காரணம் சொல்வது கடினம். மேல்முறையீட்டுக்கான காலம் கழிந்தபின் அவர் மறுமணம் செய்துகொள்ளவும் சட்டத் தடை இராது. ஆகவே கதவிலிருந்து எடுத்த அந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, அதிலுள்ள நாளில் மதுரைக்குப் போய்விடுங்கள்.

போகும் முன் ஒரு வேலை இருக்கிறது. பெண்களுக்கு, அவர்களுடைய வருமானம் எவ்வளவாக இருந்தாலும், 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி இலவசமாக வழக்கறிஞர் பெற உரிமை உண்டு. நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் சட்டப் பணிகள் அலுவலகத்தில் ஆதார் நகலையும் அந்தச் சம்மனையும் கொடுத்து விண்ணப்பியுங்கள்; 15100 என்ற எண்ணில் அழைத்தும் வழி கேட்கலாம். குடும்ப நல நீதிமன்றங்கள் சட்டத்தின்படி வழக்கறிஞர் வைத்துக்கொள்வதை உரிமையாகக் கோர முடியாது. நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். நடைமுறையில் அந்த அனுமதி பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது.

முதல் நாளில் என்ன நடக்குமோ என்ற பயம் கடிதம் முழுவதும் தெரிகிறது. உண்மையில் அன்று நடப்பது மிகக் குறைவு. அறைக்கு வெளியே ஒட்டியிருக்கும் பட்டியலில் வழக்கு எண்ணைத் தேடிப் பார்த்துவிட்டு, தாழ்வாரத்தில் குழந்தைகளோடும் தூக்குவாளிகளோடும் காத்திருக்கும் கூட்டத்தில் நீங்களும் ஒருவராக நிற்பீர்கள். பெயரைக் கூப்பிட்டதும் உள்ளே போய் நின்றால் போதும். வழக்கறிஞர் வக்காலத்து தாக்கல் செய்வார். கணவரின் மனுவுக்கு நீங்கள் தரும் எழுத்துப் பதிலான எதிருரையைப் போட வாய்தா கொடுப்பார்கள். இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடத்துக்காக அறந்தாங்கியிலிருந்து விடியற்காலையில் பேருந்து ஏற வேண்டியிருக்கிறதே என்று எரிச்சல் வரத்தான் செய்யும். என்னிடம் வரும் பெண்கள் எல்லோரும் சொல்லும் குறை அது, நியாயமான குறை.

அதற்குப் பிறகு பெரும்பாலும் சமரசப் பேச்சுக்கு அனுப்புவார்கள். சேர்ந்து வாழ வாய்ப்பிருக்கிறதா என்று முயன்று பார்ப்பது குடும்ப நல நீதிமன்றத்தின் கடமை என்று சட்டமே சொல்கிறது. அங்கே பேசுவதை உங்களுக்கு எதிரான சாட்சியமாகப் பயன்படுத்த முடியாது என்பதால் மனதில் உள்ளதைச் சொல்லலாம். ஆனால் எதிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். ஏற்கெனவே ஒரு கையெழுத்து உங்களுக்கு எவ்வளவு தொல்லை கொடுத்திருக்கிறது என்று பாருங்கள்.

அந்த 20 ரூபாய்ப் பத்திரத்தால் உங்கள் திருமணம் முறிந்துவிடவில்லை. ஒரு சமூகத்தில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்காற்றின்படி செய்துகொள்ளும் மணமுறிவை 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் ஏற்கிறது என்றாலும், அப்படியொரு வழக்காறு இருப்பதை அதைச் சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும். அந்தப் பத்திரமே போதும் என்று உங்கள் கணவருக்குத் தோன்றியிருந்தால் அவர் நீதிமன்றத்துக்கு வந்திருக்கவே மாட்டார். இருந்தாலும், நீங்கள் விருப்பப்பட்டுப் பிரிந்து போனீர்கள் என்று காட்ட அவர் அதை எடுத்து நீட்டக்கூடும். ஆகவே அன்று யார் யார் இருந்தார்கள், என்ன சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள் என்பதை மறைக்காமல் எதிருரையில் எழுதிவிட வேண்டும்.

எதிருரைதான் இந்த வழக்கின் உயிர். கைவிட்டுச் சென்றார் என்ற காரணத்தில் மணமுறிவு பெற, மனு போடுவதற்கு முன் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் பிரிந்திருந்தால் மட்டும் போதாது. நியாயமான காரணமின்றி, சேர்ந்து வாழும் எண்ணத்தைத் துறந்து நீங்கள் போனீர்கள் என்பதையும் அவர் காட்டியாக வேண்டும். வாசலில் கொண்டுவந்து இறக்கிவிட்டவரே ‘என்னைக் கைவிட்டுவிட்டாள்’ என்று சொல்வது எடுபடாது. அதற்கு உங்கள் தரப்பில் ஆதாரம் வேண்டும்: அன்று பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், அதன்பின் அவரை அழைத்தும் எடுக்காத அழைப்புகள், ‘எப்போது கூட்டிப் போவீர்கள்’ என்று நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள். இவை இருக்கும் கைபேசியைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கிவிடாதீர்கள்.

இனி, சாப்பாட்டுக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் வருவோம். இதில்தான் பலர் காலத்தை வீணாக்குகிறார்கள். வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அவர் போட்ட அதே வழக்கில், இந்து திருமணச் சட்டம் 24-ஆம் பிரிவின்கீழ் இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கேட்டு ஒரு ஐ.ஏ. (இடைக்கால மனு) போடலாம், குழந்தையின் பராமரிப்பை 26-ஆம் பிரிவின்கீழ் கேட்கலாம். அல்லது, முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவாக இருந்து, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவாக மாறியிருக்கும் வழியில், உங்களுக்கும் மகளுக்கும் சேர்த்து, நீங்கள் இப்போது வசிக்கும் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே மனுப் போடலாம். இடைக்கால மனுவை, நோட்டீஸ் சேர்ந்த 60 நாட்களுக்குள் கூடியவரை முடிக்க வேண்டும் என்று இரண்டு சட்டங்களும் சொல்கின்றன. அந்த ‘கூடியவரை’ என்ற சொல்லுக்குள் எத்தனை மாதங்கள் அடங்கும் என்பதை நடைமுறையில் பார்த்திருக்கிறேன். ஆகவே மனுவை இன்று போடுவதற்கும் ஆறு மாதம் கழித்துப் போடுவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு: ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம், மனுப் போட்ட நாளிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கிடப்பட வேண்டும் என்று சொல்லிவிட்டது. போடாத மாதங்களுக்குக் கணக்கில்லை.

அதே தீர்ப்பின்படி இருவரும் தங்கள் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். உங்களுடையதில் தையல் போன்ற வேலையில் வரும் சிறு தொகை இருந்தாலும் மறைக்காதீர்கள். குறுக்கு விசாரணையில் அது வெளிப்பட்டால், உண்மையான மற்ற விஷயங்களையும் சந்தேகப்படுவார்கள். இரண்டு இடங்களில் ஜீவனாம்சம் கேட்டால் ஒன்றைப் பற்றி மற்றதில் சொல்லியாக வேண்டும்.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஆறு வயதுக் குழந்தையோடு மதுரைக்குப் போய்வருவது முடியாது என்றால், வழக்கை உங்கள் மாவட்டத்துக்கு மாற்றக் கோரி உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மனுப் போடலாம். மனைவியின் சிரமத்தையும் கையில் குழந்தை இருப்பதையும் நீதிமன்றங்கள் பொதுவாகக் கருத்தில் கொள்கின்றன. ஆனால் மாற்றல் மனுப் போட்டுவிட்டதாலேயே கீழ் நீதிமன்ற வழக்கு நின்றுவிடாது. தடை உத்தரவு கிடைக்கும்வரை அங்கே ஆஜராகிக்கொண்டே இருக்க வேண்டும்.

மகள் உங்களிடமே வளர்கிறாள். குழந்தையின் நலனே முதன்மை என்பதால் அந்த நிலையைக் கலைக்க நீதிமன்றம் எளிதில் முன்வராது. தகப்பன் பார்க்க அனுமதி கேட்டால் அதை மறுக்காமல் நேரமும் இடமும் முறைப்படுத்தக் கேளுங்கள். நகைகள் உங்கள் சீதனம். அவை உங்களுக்கே உரியவை. ரசீதுகள், கல்யாண ஆல்பத்தில் அந்த நகைகள் தெரியும் படங்கள் ஆகியவற்றோடு ஒரு பட்டியல் எழுதி வையுங்கள். எடை நினைவில் இல்லாத நகைக்கு எடையைக் கற்பனையாக எழுத வேண்டாம்.

சேர்ந்து வாழ விருப்பமா, பிரிவதே மேலா என்று நீங்கள் எங்கும் எழுதவில்லை; அதை நான் தீர்மானிக்க முடியாது. பிரிவதென்று பின்னால் உங்களுக்கே தோன்றினால், பரஸ்பரச் சம்மதத்தில் 13-பி பிரிவின்கீழ் புதிய மனுப் போடலாம். முதல் மனுவுக்கும் இரண்டாவது கோரிக்கைக்கும் இடையே வழக்கமாக ஆறு மாதம் விடுவார்கள். நீண்ட நாள் பிரிந்திருப்பவர்களுக்கு அதைத் தளர்த்தலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தீர்ப்பு வரும்வரை சம்மதத்தைத் திரும்பப் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. நகை, மகளின் செலவு, உங்களுக்கான தொகை மூன்றும் எழுத்தில் முடிவாகும் முன் அந்த மனுவில் கையெழுத்திட வேண்டாம். ‘முதலில் கையெழுத்துப் போடு, பணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று பெரியவர்கள் யாராவது மறுபடியும் பேச வந்தால், வழக்கறிஞரின் எண்ணைக் கொடுத்து அவரிடம் பேசச் சொல்லுங்கள்.