லைக்லி லெட்டர் வரவில்லை என்றால் இடம் கிடைக்காதா?

அப்படி இல்லை. லைக்லி லெட்டர் என்பது, அதிகாரபூர்வ முடிவு வெளியாகும் முன்பே "உங்களுக்கு இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம்" என்று கல்லூரி அனுப்பும் கடிதம். ஹார்வர்ட், யேல் போன்ற ஐவி லீக் (அமெரிக்காவின் எட்டு புகழ்பெற்ற தனியார் பல்கலைக்கழகங்கள்) கல்லூரிகளில் சேர்க்கப்படும் மாணவர்களில் பெரும்பாலோருக்கு இந்தக் கடிதம் வருவதே கிடையாது. பயிற்சியாளர்கள் தேர்ந்தெடுத்த விளையாட்டு வீரர்களுக்கு அக்டோபர் 1 முதலே அனுப்பலாம். ரெகுலர் சுற்றில், அதாவது வழக்கமான விண்ணப்பச் சுற்றில், வேறு கல்லூரியிடம் இழந்துவிடக் கூடாது என்று நினைக்கும் சிலருக்கு மட்டும் முடிவு நாளுக்கு முன்பே போகும். அந்தச் சுற்றில் மற்ற எல்லாருக்கும் பதில் மார்ச் கடைசியில்தான்.

வந்துவிட்டால் அது ஏறக்குறைய அட்மிஷனேதான். ஆனால் "மதிப்பெண்ணும் நடத்தையும் இப்படியே தொடர்ந்தால்" என்ற நிபந்தனை அதில் இருக்கும். பன்னிரண்டாம் வகுப்பில் மதிப்பெண் சரிந்தாலோ, ஒழுங்கு நடவடிக்கை வந்தாலோ திரும்பப் பெறலாம்.

கல்லூரியின் விண்ணப்பப் போர்ட்டலில் ஏதாவது மாறியதா என்று தினமும் குடைந்து பார்ப்பவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. நேர்காணல் அழைப்பு பெரும்பாலும் உங்கள் ஊரில் முன்னாள் மாணவர் யாராவது இருக்கிறாரா என்பதைப் பொறுத்தது. உதவித்தொகைக்கு ஆவணம் கேட்பது வழக்கமான அலுவலக வேலை. இரண்டையுமே இடம் கிடைக்கும் என்ற சமிக்ஞையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அதற்குப் பதில், அரையாண்டு மதிப்பெண் அறிக்கையைப் பள்ளி அனுப்பிவிட்டதா என்று உறுதிசெய்யுங்கள். கல்லூரி மின்னஞ்சல் ஸ்பாமில் விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கடிதம் ஏன் வரவில்லை என்று அட்மிஷன் அலுவலகத்துக்கு எழுத வேண்டாம்.