ரேஷன் கார்டில் பெயரை நீக்கியது ஊரா?

கேள்வி: என் மூத்த பிள்ளை திருநங்கையாகிச் சென்னையில் இருக்கிறான். அவன் வீட்டைவிட்டுப் போன மறுமாதமே என் கணவர் ரேஷன் கார்டிலிருந்து பெயரை நீக்கிவிட்டார். வைகாசியில் இளையவனுக்குக் கல்யாணம். எனக்குப் பெண்பிள்ளை இல்லாததால், நாத்தனார் முடிச்சு போட கொழுந்தனார் மகளிடம் சொல்லியிருக்கிறோம். மூத்தவன் வந்தே தீருவேன் என்கிறான். எங்கள் ஊர் ஏற்காது. மனம் நோகாமல் வர வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?
- ஒரு தாய், உளுந்தூர்பேட்டை

பதில்: அம்மா, அப்படி ஒரு வழி கிடையாது, இருந்தாலும் நான் சொல்லித்தர மாட்டேன். போகிற போக்கில் நீங்கள் எழுதிய ரேஷன் கார்டைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. அந்தப் பெயர் தானாக அழியவில்லை. காரணம் காட்டி விண்ணப்பித்தால்தான் நீக்குவார்கள். இறந்தவருக்கும் மணமாகிப் போனவருக்கும் செய்வது அது. வீட்டைவிட்டுப் போய் ஒரு மாதம்கூட நிறையாத பிள்ளைக்கு உங்கள் கணவர் என்ன காரணம் எழுதிக்கொடுத்தார் என்று நீங்கள் கேட்டதுண்டா? 2008-இலேயே திருநங்கைகளுக்கென நலவாரியம் அமைத்து, அவர்களுக்கு ரேஷன் கார்டும் வழங்க முன்வந்த மாநிலத்தில், பெற்ற தகப்பனே பெயரை அடித்திருக்கிறார்.

அந்த விண்ணப்பத்தில் ஊரார் எவரும் கையெழுத்திடவில்லை. ஊர் வாய் திறக்கும் முன்பே வீடு தீர்ப்பெழுதிவிட்டு, இப்போது பழியை ஊர்மேல் போடுகிறீர்கள். உங்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் கூவாகத்தில், சித்திரைதோறும் கூத்தாண்டவருக்காகத் திருநங்கைகளும், வேண்டிக்கொண்ட கிராமத்து ஆண்களும் தாலி கட்டிக்கொள்கிறார்கள். அந்த ஊர்கள் உங்கள் மகளைக் கண்டு திகைத்துவிடப் போவதில்லை. பெற்றவர்களே ஒதுக்கிய பிள்ளையை எந்த ஊரும் மதிக்காது. பெற்றவர்கள் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்ட பிள்ளையை, முணுமுணுத்தபடியாவது ஊர் பழகிக்கொண்டதை எனக்கு வரும் கடிதங்களில் பலமுறை படித்திருக்கிறேன். ஒரு திருநங்கையை வீட்டைவிட்டோ ஊரைவிட்டோ கட்டாயப்படுத்தி வெளியேற்றுவது 2019-ஆம் ஆண்டுத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 18-ஆவது பிரிவின்படி குற்றம் என்பதையும் உங்கள் கணவருக்குச் சொல்லுங்கள். ஆனால் சட்டத்துக்குப் பயந்து சேர்த்துக்கொள்ளும் உறவு எனக்கு வேண்டாம்.

பெண்பிள்ளை இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, இருக்கிறாள். தம்பி கட்டும் தாலிக்கு முடிச்சுப் போட வேண்டியவள் அவள்தான். பத்திரிகை அடிப்பதற்கு முன் நீங்களும் கணவரும் பெண் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லுங்கள். மறைத்துப் பெண்ணெடுப்பது வரப்போகும் மருமகளுக்கும் செய்யும் துரோகம். அதைக் கேட்டு அவர்கள் பின்வாங்கினால் வாங்கட்டும், இளையவனுக்கு வேறு இடம் அமையும். பிறகு, அவள் வைத்துக்கொண்டிருக்கும் பெயரிலேயே பத்திரிகை அடியுங்கள். கொழுந்தனார் மகளிடம் போய்ச் சொன்னதை மாற்றிச் சொல்வது உங்களுக்குச் சங்கடமாகத்தான் இருக்கும். அந்தச் சங்கடத்தை நீங்கள் பட்டுத்தான் ஆக வேண்டும்.