மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருள் புற்றுநோய் செல்களின் வளர்ச்சியைத் தடுக்கும் என்கிறார்களே, உண்மையா?

தடுக்கும். நானே கண்ணால் பார்த்தவள். ஆனால் எங்கே தடுக்கும் என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் யாருக்கோ சிகிச்சை நடக்கிறது, யாரோ ஒரு குர்குமின் காப்ஸ்யூல் படத்தை அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், தப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பிஎச்டியே மஞ்சளில் உள்ள குர்குமின் மார்பகப் புற்றுநோய் செல்களை என்ன செய்கிறது என்பதுதான். 96 சின்னக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் பிளேட்டில் எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுநோய் செல்களை வளர்த்து, குர்குமினை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து (தண்ணீரில் அது கரையவே கரையாது) வெவ்வேறு அளவில் விட்டு, இரண்டு நாள் கழித்து எம்டிடி என்ற சாயத்தை விட்டு, எத்தனை செல் உயிரோடு இருக்கிறது என்று சோதிப்போம். உயிருள்ள செல் அந்தச் சாயத்தை ஊதாவாக மாற்றும். 20 மைக்ரோமோலார் (கரைசலின் அடர்த்தியைச் சொல்லும் அளவு) விட்ட குழிகளில் ஊதா பாதியாகக் குறைந்திருந்தது. அன்று ராத்திரியே வீட்டில் எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னேன்.

அடுத்த வருஷம் சித்திக்கு மார்பகப் புற்றுநோய். வாரா வாரம் பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்தை ஏற்றினார்கள். ஆறாவது வாரம் விரல் நுனியெல்லாம் மரத்துப்போய், சட்டைப் பொத்தான் போட முடியவில்லை என்று அழுதுகொண்டே கூப்பிட்டார். "ஏண்டி, செல்லெல்லாம் செத்துப்போச்சுன்னு நீதானே சொன்ன? இந்தக் கெமிக்கலை நிறுத்திட்டு நான் அதையே சாப்பிடுறேனே."

எனக்குக் கை நடுங்கிவிட்டது. நான் சொல்லாமல் விட்டதையெல்லாம் அன்றுதான் சொன்னேன். நான் செல்லுக்கு விட்டது 20 மைக்ரோமோலார். ஒரு நாளைக்கு 8 கிராம் குர்குமின் விழுங்கியவர்களுக்கே ரத்தத்தில் உச்ச அளவு சராசரியாக 1.77 மைக்ரோமோலார்தான் வந்தது என்று 2001-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. குடலும் கல்லீரலும் அதை உருமாற்றி வெளியே தள்ளிவிடும். போதாததற்கு உடல் சூட்டில், ரத்தச் சீரம் கலக்காத கரைசலில் வைத்தால் அரை மணி நேரத்தில் 90 சதவீதம் சிதைந்துபோகும் பொருள் அது.

அப்புறம் இன்னொன்றும் சொன்னேன். சித்தி, உங்களுக்கு ஏறுகிற மருந்தும் மரத்திலிருந்து கண்டுபிடித்ததுதான், பசிபிக் யூ மரத்தின் பட்டை. 1971-இல் மன்ரோ வால், மன்சுக் வானி என்ற வேதியியலாளர்கள் அதன் அமைப்பை வெளியிட்டார்கள், 1979-இல் சூசன் ஹார்விட்ஸ் என்ற விஞ்ஞானி அது வேலை செய்யும் விதத்தைக் கண்டுபிடித்தார், மருந்தாக அனுமதி கிடைக்க 1992 ஆனது. செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இரண்டு பக்கமும் இழுக்கும் நுண்குழாய்களை அது கலையவிடாமல் இறுக்கிவிடும், பிரிய முடியாமல் செல் செத்துப்போகும். நரம்புக்குள்ளும் அதே நுண்குழாய்கள்தான் இருக்கின்றன, விரல் மரத்துப்போவதும் அதனால்தான்.

இதைப் படித்துவிட்டு மருந்துக் கம்பெனிக்கு வக்காலத்து வாங்குகிறாள் என்று சிலர் சொல்வீர்கள். எனக்கு எந்தக் கம்பெனியும் பத்து காசு கொடுத்ததில்லை. மூலிகையே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை, நித்தியகல்யாணியிலிருந்து வந்த வின்கிரிஸ்டின் எத்தனையோ குழந்தைகளை ரத்தப் புற்றுநோயிலிருந்து மீட்டிருக்கிறது. நான் மருத்துவர் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

இன்னொரு விஷயம் இன்னும் ஆறவில்லை. சாதாரண செல்களிலும் குர்குமினை விட்டுப் பார்த்தேன், அளவைக் கொஞ்சம் கூட்டினால் அவையும் செத்தன. ஆய்வுப் பேப்பரில் அந்தப் படம் வேண்டாம், கதை குழம்பும் என்று கைடு எடுத்துவிட்டார். மூன்று வருஷம் ஞாயிற்றுக்கிழமை கூட விடாமல் செல்லுக்கு மீடியம் (ஊட்டத் திரவம்) மாற்றியவள் நான், பேப்பரில் என் பெயர் மூன்றாவது. முதல் பெயருக்குச் சொந்தக்காரர் இன்குபேட்டரைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. கைடைக் கேட்டதற்கு "அடுத்த பேப்பர்ல பாத்துக்கலாம்" என்றார். அடுத்த பேப்பர் வரவே இல்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். காப்ஸ்யூல் டப்பாவை அப்படியே எடுத்துப்போய்ப் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டுங்கள், மறைக்காதீர்கள். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகையை இரினோடிகான் என்ற புற்றுநோய் மருந்தோடு சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு, அந்த மருந்தின் வேலை செய்யும் பகுதி ரத்தத்தில் 42 சதவீதம் குறைந்துபோனது. மஞ்சள் காப்ஸ்யூலால் கல்லீரல் கெட்டவர்களும் இருக்கிறார்கள்.

சித்தி மரத்துப்போவதை மருத்துவரிடம் சொன்னார், அளவைக் குறைத்தார்கள், பன்னிரண்டு வாரமும் முடித்தார். வலது கை சுண்டுவிரல் மட்டும் இன்னும் சரியாகவில்லை.