ரீயூனியன் தீவில் எதை முதலில் பார்ப்பது?

கேள்வி: இந்தியப் பெருங்கடலிலுள்ள ரீயூனியன் தீவில் நான்கு நாள்கள் தங்கவிருக்கிறோம். எந்த இயற்கைக் காட்சிகளைத் தவறவிடக் கூடாது?

பதில்: மஃபாத் பள்ளத்தாக்கை முதலிடத்தில் வையுங்கள். 3,000 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் பித்தோன் தெ நேஜ் என்ற அடங்கிய எரிமலையைச் சூழ்ந்துள்ள மூன்று பெரும் பள்ளத்தாக்குகளுள், சாலையே இல்லாதது இது ஒன்றுதான். அங்குள்ள சிற்றூர்களுக்கு நடந்தோ ஹெலிகாப்டரிலோதான் செல்ல வேண்டும். நடக்க இயலாதவர்கள், கார் செல்லும் மாய்தோ முனையில், ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்திலிருந்து, பள்ளத்தாக்கு முழுவதையும் காணலாம். விடியற்காலையிலேயே போய்விடுங்கள், முற்பகலிலேயே மேகம் ஏறி அனைத்தையும் மூடிவிடுவது அங்கு வழக்கம்.

அடுத்தது, இன்றும் அடிக்கடி வெடிக்கும் பித்தோன் தெ லா ஃபுர்னேஸ் எரிமலை. செம்பழுப்பு நிற வெட்டவெளியைக் கடந்து, செங்குத்துப் படிகளில் இறங்கினால், கயிறு முறுக்கியதுபோல் உறைந்து கிடக்கும் கருங்குழம்புப் பாறைகளைக் கையால் தொட்டே பார்க்கலாம். வெடிப்புக் காலத்தில் அப்பாதையை மூடிவிடுவார்கள் என்பதால், புறப்படுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

சலாஸி அருவிகளுக்கு அரை நாள் போதும். கடற்கரைக்கென ஒரு முழு நாளை ஒதுக்குவதைவிட, அந்த நாளையும் மஃபாத்துக்கே கொடுத்து, அங்கு ஓரிரவு தங்குவதையே பரிந்துரைப்பேன்.