கலிபோர்னியா டிரான்ஸ்பர்: மொழித் தேவைக்கு ஸ்பானிஷ் எடுக்க வேண்டுமா?

கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு மாறப்போகிறீர்கள் (டிரான்ஸ்பர்); ஆங்கிலம் அல்லாத மொழித் தேவை ‘நிறைவேறவில்லை’ என்று கல்லூரிப் பதிவு காட்டுவதால் ஸ்பானிஷ் எடுக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டியிருக்காது. எட்டாவது வரை மதுரையில் தமிழ் மீடியத்தில் படித்ததாகச் சொல்கிறீர்கள், அதுவே போதும். ஐ.ஜி.இ.டி.சி. (டிரான்ஸ்பருக்கான பொதுப்பாடத் திட்டம்) விதிப்படி, ஆறாம் வகுப்பிலோ அதற்கு மேலோ ஆங்கிலம் பயிற்றுமொழியாக இல்லாத பள்ளியில் இரண்டு ஆண்டு, போதுமான மதிப்பெண் வாங்கிப் படித்திருந்தால் யூ.சி. (கலிபோர்னியா பல்கலைக்கழகம்) கேட்கும் மொழித் தேவை முடிந்தது. சி.எஸ்.யூ.வுக்கு (கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம்) மட்டும் விண்ணப்பிப்பதென்றால் இந்தப் பகுதியே கிடையாது.

அப்புறம் ஏன் ‘நிறைவேறவில்லை’ என்று காட்டுகிறது? அநேகமாக உங்கள் அமெரிக்க ஹைஸ்கூல் மதிப்பெண்கள் மட்டும்தான் கல்லூரியிடம் இருக்கும்.

முதலில் பழைய டி.சி.யை எடுத்துப் பாருங்கள். பயிற்றுமொழி ‘தமிழ்’ என்று அதில் இருக்கும். (அம்மாவின் பீரோவில் தேடுங்கள், அங்கேதான் கிடைக்கும்!) அதையும் ஆறு முதல் எட்டு வரையிலான மதிப்பெண் பட்டியலையும் மொழிபெயர்ப்போடு கல்லூரி ஆலோசகரிடம் (கவுன்சிலர்) கொடுங்கள். சான்றிதழே இல்லையென்றால், தேர்வு வழியாகவோ பேராசிரியர் ஒருவர் வழியாகவோ மொழித்திறனை உறுதிசெய்ய முடியுமா என்று கேளுங்கள்.

ஒன்று: இங்கிலீஷ் மீடியத்தில் தமிழை ஒரு பாடமாக மட்டும் படித்திருந்தால் இந்த வழி செல்லாது. 2025 இலையுதிர் பருவத்திலோ அதற்குப் பிறகோ கல்லூரியில் சேர்ந்தவர் என்றால் உங்களுக்கு ஐ.ஜி.இ.டி.சி.க்குப் பதிலாக வந்த கால்-கெட்சி திட்டம். அதில் மொழிப் பகுதி இல்லை. ஆனாலும் யூ.சி. பெர்க்லியின் லெட்டர்ஸ் அண்ட் சயின்ஸ் போன்ற சில கல்லூரிகள் பட்டத்துக்குத் தனியாக மொழி கேட்கும்.